குத்துச்சண்டை மாவீரர் ஜோ லூயிஸ்



குத்துச்சண்டை என்றதும் நம்மில் பலருக்கு முகமது அலியின் முகம்தான் கண்முன் வரும். 1975ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் அவர் ஜோ பக்னரோடு 15 சுற்று மோதிப் புள்ளிக் கணக்கில் வென்றார். ஆனால், அந்த அலி பிறப்பதற்கு முன்னமே உலகப் பட்டத்தைக் கையில் வைத்திருந்த ஒரு மாவீரர் உண்டு. அவர்தான் ஜோ லூயிஸ். ஹெவிவெயிட் என்னும் கனரகப் பிரிவில் தம் பட்டத்தை 25 முறை தற்காத்தவர். அந்தப் பிரிவில் இந்தச் சாதனையை இன்றுவரை யாரும் மிஞ்சவில்லை.

எங்கோ அமெரிக்காவில் பிறந்தவர் கதை பேராக்கில் இருக்கிற நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். பல இடங்களில் இது நம்ம தோட்டத்துக் கதை மாதிரியே இருக்கும்.

1914ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தில், லஃபாயெட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பருத்திக் காட்டுக் குடிசையில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜோசஃப் லூயிஸ் பாரோ. எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது பிள்ளை. அப்பா, அம்மா இருவருமே அடிமைகளாய் வாழ்ந்து விடுதலை பெற்றவர்களின் மக்கள்.

அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனாலும் பிழைப்பு மாறவில்லை. நிலம் முதலாளிக்குச் சொந்தம். உழைப்பு குடியானவனுடையது. விளைந்த பருத்தியில் ஆளுக்குப் பாதி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் விதை, உரம், மாவு, உப்பு, துணி எல்லாவற்றையும் கடனுக்குத்தான் வாங்க வேண்டும். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் அந்தக் கடனும் வட்டியும் போகக் கையில் மிஞ்சுவது சொற்பம். பல வருஷம் கடன்தான் மிஞ்சும். கணக்குப் புத்தகமோ முதலாளியிடம் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எப்படிக் கேட்பான்? கங்காணி காலத்து முன்பணத்தையும் கடைக் கணக்கையும் பாட்டன் பாட்டி வாயால் கேட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஜோ இரண்டு வயதுப் பிள்ளையாக இருந்தபோது தந்தை மனநோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் திரும்பி வரவே இல்லை. தாய் லில்லி பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு காட்டிலே பாடுபட்டார். பிறகு பேட் புரூக்ஸ் என்பவரை மணந்தார். 1926இல் குடும்பம் தெற்கை விட்டு வடக்கே டெட்ராய்ட் நகருக்குப் பிழைக்கப் போனது. அங்கே ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஆனால் சில ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் வந்து வேலை போனது. அரசாங்க நிவாரணப் பணத்தில் அடுப்பெரிந்த நாட்களும் உண்டு.

சிறுவன் ஜோவுக்குப் பேச்சு திக்கும். படிப்பும் சரியாக ஏறவில்லை. தொழிற்பள்ளியில் மரவேலை கற்றான். பிள்ளை உருப்பட வேண்டுமே என்று தாய் ஒரு வயலின் வாங்கிக் கொடுத்து, பாடத்துக்கு வாரம் 50 காசும் கொடுத்தனுப்பினார். நம்ம ஆளோ அந்தக் காசைக் கொண்டுபோய்க் குத்துச்சண்டைக் கூடத்தில் கட்டினான்! விஷயம் வெளியே வந்தபோது தாய் அடிக்கவில்லை. இதுதான் உன் வழி என்றால் முழு மனசோடு செய் என்று விட்டுவிட்டார்.

முதல் பந்தயம் 1932இல் நடந்தது. எதிரி ஜானி மைலர் ஒலிம்பிக் வீரர். ஜோ ஏழு தடவை கீழே விழுந்தான். வெட்கத்தில் கொஞ்ச காலம் கையுறையைத் தொடவே இல்லை. தொழிற்சாலை வேலைக்குப் போனான். ஆனால் மனசு கேட்கவில்லை, திரும்பி வந்தான். அமெச்சூர் வீரராக 54 பந்தயங்களில் 50இல் வென்று, 1934இல் தேசியப் பட்டமும் பெற்றார்.

அதே ஆண்டு ஜூலை 4ஆம் நாள் சிகாகோவில் தொழில்முறை வீரராக முதன்முதல் மேடை ஏறினார். முதல் சுற்றிலேயே எதிராளியைச் சாய்த்தார். கிடைத்த பரிசுப் பணம் 59 டாலர். ஜான் ராக்ஸ்பரோ, ஜூலியன் பிளாக் இருவரும் மேலாளர்கள். பழைய வீரர் ஜாக் பிளாக்பர்ன் பயிற்சியாளர். மூவரும் கறுப்பினத்தவரே. அவர்கள் ஜோவுக்குக் கடுமையான ஒழுங்குகளை வகுத்தார்கள். விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. வெற்றி பெற்றால் பீற்றிக்கொள்ளக்கூடாது. பொது இடத்தில் நடத்தை சுத்தமாக இருக்க வேண்டும். காரணம் இருந்தது. ஜாக் ஜான்சன் என்ற கறுப்பின வீரர் 1908 முதல் 1915 வரை உலகப் பட்டம் வைத்திருந்தார். அவர் வெள்ளையருக்குப் பணியாமல் நடந்ததால் எழுந்த வெறுப்பில், அடுத்த 22 ஆண்டுகளுக்கு வேறு கறுப்பருக்கு அந்தப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பே தரப்படவில்லை. ஒருவர் செய்ததற்கு ஓர் இனமே பதில் சொல்லும் நிலை எப்படிப்பட்டது, பாருங்கள்!

ஜோ வெற்றிமேல் வெற்றி பெற்றார். 1935இல் முன்னாள் உலக வீரர்களான பிரீமோ கார்னேரா, மாக்ஸ் பேயர் இருவரையும் வீழ்த்தினார். கையில் பணம் வந்ததும் அவர் செய்த ஒரு காரியத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பஞ்ச காலத்தில் தம் குடும்பம் வாங்கிய நிவாரணப் பணத்தை, யாரும் கேட்காமலே திருப்பிக் கட்டினார். தாய்க்கு வீடும் வாங்கிக் கொடுத்தார்.

அப்புறம் வந்தது சறுக்கல். 1936 ஜூன் 19ஆம் நாள் ஜெர்மானிய வீரர் மாக்ஸ் ஷ்மெலிங்கோடு பந்தயம். ஜோவோ பயிற்சியைக் குறைத்துக்கொண்டு கோல்ஃப் விளையாடிக்கொண்டிருந்தார். ஷ்மெலிங் சும்மா இருக்கவில்லை. ஜோவின் சண்டைப் படங்களைப் போட்டுப் பார்த்துப் பார்த்து ஒரு குறையைக் கண்டுபிடித்தார். இடக்கையால் குத்திவிட்டு அந்தக் கையைத் திரும்ப எடுக்கும்போது ஜோ அதைத் தாழ்த்திவிடுவார். அந்தக் கண நேரத்தில் தாடை திறந்திருக்கும். ஷ்மெலிங்கின் வலக்கை அங்கேயே திரும்பத் திரும்ப இறங்கியது. 12ஆவது சுற்றில் ஜோ விழுந்தார். தோல்வியே அறியாதவர் என்ற பெயர் அன்றோடு போயிற்று.

ஜோ சாக்குச் சொல்லவில்லை. பிளாக்பர்னிடம் போய் இடக்கையைத் திருத்திக்கொண்டார். அடுத்த ஆண்டு, 1937 ஜூன் 22ஆம் நாள், சிகாகோவில் ஜேம்ஸ் பிராடக்கை எதிர்த்தார். முதல் சுற்றில் தாம் விழுந்தும், எழுந்து நின்று 8ஆவது சுற்றில் பிராடக்கைச் சாய்த்தார். பருத்திக் காட்டுப் பிள்ளை 23 வயதில் உலக வீரரானார்!

சரியாக ஓர் ஆண்டு கழித்து, 1938 ஜூன் 22ஆம் நாள், நியூயார்க் யாங்கி அரங்கில் ஷ்மெலிங்கோடு மறுபந்தயம். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி. தம் இனமே உயர்ந்தது என்று நாஜிகள் முழங்கிக்கொண்டிருந்த நேரம். ஏறக்குறைய 70,000 பேர் அரங்கில். கோடிக்கணக்கானோர் வானொலிப் பெட்டி முன்னால். மணி அடித்தது, 124 வினாடிகளில் எல்லாம் முடிந்தது. ஷ்மெலிங் மூன்று முறை விழுந்தார். பேருந்தில் முன்னிருக்கை கிடைக்காத கறுப்பின மக்கள் அன்றிரவு தெருவெல்லாம் ஆடிப் பாடினார்கள்.

ஷ்மெலிங்கையும் தவறாக எண்ணிவிடாதீர்கள். அவர் நாஜிக் கட்சியில் சேராதவர். அதே ஆண்டு நவம்பரில் யூதர்களை வேட்டையாடிய இரவில் இரண்டு யூதச் சிறுவர்களைத் தம் அறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர். பின்னாளில் ஜோவுக்கு உற்ற நண்பரும் ஆனார்.

இனி, இந்தக் கதையின் கசப்பான பகுதி. பெற்றோர்கள் இதைப் பிள்ளைகளுக்கு நிதானமாகப் படித்துக் காட்ட வேண்டும்.

1942இல் அமெரிக்கா போரில் இருந்தபோது, ஜோ இரண்டு பந்தயங்களில் தமக்குக் கிடைத்த பரிசுப் பணத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு அப்படியே கொடுத்தார். சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். உலக வீரரானாலும் கறுப்பருக்கென்று ஒதுக்கிய தனிப் பிரிவில்தான் இடம். ஏறத்தாழ 100 காட்சிப் பந்தயங்களைப் படைவீரர்களுக்காக நடத்தினார். கறுப்பின இளைஞர்களுக்கு அதிகாரிப் பயிற்சி மறுக்கப்பட்டபோது அவர்களுக்காகப் பரிந்து பேசினார். அவர்களில் ஒருவர், பின்னாளில் பேஸ்பால் ஆட்டத்தில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன்.

நாட்டுக்கு இவ்வளவு கொடுத்தவருக்கு என்ன மிஞ்சியது? பரிசுப் பணத்தில் பாதி மேலாளர்களுக்குப் போனது. மீதியில் பயிற்சிச் செலவு போனது. உயர்ந்த வருமானத்துக்கு வரி 80, 90 சதவிகிதம் வரை ஏறியிருந்த காலம் அது. படையில் இருந்தபோது செலவுக்குப் பந்தய ஏற்பாட்டாளரிடம் முன்பணம் வாங்கி, அதுவும் பெருங்கடனாயிற்று. ஜோவோ கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிற கை. தொடங்கிய வியாபாரங்களும் நொடித்தன. வரி கட்டியாயிற்றா, எவ்வளவு பாக்கி என்று அவர் பார்க்கவில்லை; மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பினார். படைநிதிக்குக் கொடுத்த பணத்தைக்கூட வரி அலுவலகம் அவருடைய வருமானமாகத்தான் கணக்கெழுதியது.

1949இல் தோல்வி காணாத உலக வீரராகவே ஓய்வு பெற்றார். 1950இல் வரி அலுவலகம் கணக்கைப் புரட்டியது. 5 லட்சம் டாலருக்கு மேல் பாக்கி! வட்டி வேறு ஏறிக்கொண்டே போனது. 36 வயதில் மறுபடி கையுறை மாட்டினார். எஸார்ட் சார்ல்ஸிடம் புள்ளிகளில் தோற்றார். 1951 அக்டோபர் 26ஆம் நாள் இளம் வீரர் ராக்கி மார்சியானோ 8ஆவது சுற்றில் அவரைக் கயிற்றுக்கு வெளியே விழும்படி வீழ்த்தினார். அதன்பின் வயிற்றுப்பாட்டுக்காகக் காசுக்கு மல்யுத்த மேடையிலும் ஏறினார். 1953இல் தாய் லில்லி காலமானபோது மகனுக்கென்று விட்டுச் சென்ற 667 டாலரையும் வரி அலுவலகம் எடுத்துக்கொண்டது.

யோசித்துப் பாருங்கள். அப்பன் காலத்தில் முதலாளியின் கணக்குப் புத்தகம். மகன் காலத்தில் மேலாளர், ஏற்பாட்டாளர், வரி அலுவலகம் என்று மூன்று கணக்குப் புத்தகம். உலகத்திலேயே பலமான இரண்டு கைகள் இருந்தும், அவற்றில் ஒன்றைக்கூட அவர் தம் கையில் எடுத்துப் படிக்கவில்லை.

கடைசியில் கைகொடுத்தது படிப்புத்தான். 1959இல் அவர் மணந்த மார்த்தா ஒரு வழக்கறிஞர். அவர் அதிகாரிகளோடு பேசி, இனிச் சம்பாதிக்கும் பணத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார். ஜோ லாஸ் வேகாஸ் நகரில் ஒரு பெரிய ஹோட்டலில் வருவோரை வரவேற்கும் வேலை பார்த்தார். உடல்நிலையும் மனநிலையும் சீர்கெட்டன. 1981 ஏப்ரல் 12ஆம் நாள், 66ஆவது வயதில், மாரடைப்பால் காலமானார். ஆர்லிங்டன் இராணுவக் கல்லறையில் இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டவர், அன்று 124 வினாடியில் வீழ்ந்த அதே ஷ்மெலிங்! டெட்ராய்ட் நகர நடுவில் 1986 முதல் ஜோவின் நினைவாக 24 அடி நீள வெண்கலக் கை ஒன்று, முட்டியை மடக்கியபடி தொங்குகிறது.

அன்புப் பெற்றோர்களே! ஜோ லூயிஸ் ஏமாளி என்று சொல்லிச் சிரிக்க இதை எழுதவில்லை. அள்ளிக் கொடுத்தது குற்றமும் அல்ல. அந்தப் பிள்ளைக்குக் கணக்கைப் படிக்கச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. நம்மவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தோம். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து பங்குப் பணம் கட்டித் தோட்டத்துக்கே பங்குதாரர் ஆனார்கள். தன் பெயரில் கணக்கு இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஆகவே, இன்று பரிசு வாங்கி வரும் பிள்ளையைத் தட்டிக் கொடுங்கள். நாளைக்குச் சம்பளச் சீட்டோ, சேமநிதிக் கணக்கோ, கையெழுத்துக் கேட்டு வேறு எந்தத் தாளோ வீட்டுக்கு வந்தால், அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே! ஏழு முறை விழுந்தும் எழுந்த ஜோவிடம் துணிவைக் கற்றுக்கொள்ளுங்கள். இடக்கையைத் திருத்திக்கொண்ட ஜோவிடம் பணிவைக் கற்றுக்கொள்ளுங்கள். அவருக்கு யாரும் கற்றுத் தராத கணக்கை, இந்தப் பள்ளியில் இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்.