பங்கு கேட்ட வள்ளல்

முல்லைக்குத் தேர் ஈந்தவன் பாரி. மயிலுக்குப் போர்வை தந்தவன் பேகன். கேளாமலே கொடுப்பதுதான் கொடை என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால், கொடுப்பதற்கு முன் ஏழையிடமே ஒரு பங்கு கேட்ட வள்ளல் ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். அவர்தான் ஜூலியஸ் ரோசன்வால்ட். அவருடைய வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது எனக்குச் சற்றுக் கோபமே வந்தது. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

1862-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள், இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ரோசன்வால்ட் பிறந்தார். ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். தந்தை துணி வியாபாரி. மகன் உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. நியூயார்க்கில் தாய்மாமன்மாரிடம் வேலை பழகினார். 1895-இல் சியர்ஸ் ரோபக் என்னும் நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர்ந்தார். விலைப்பட்டியலைப் பார்த்து உழவர்கள் கடிதம் எழுத, சரக்கு அஞ்சலில் வீடு தேடி வரும் வணிகம் அது. பிற்காலத்தில் அதன் தலைவராகவும் ஆனார். செல்வம் குவிந்தது. செல்வர்கள் எந்த நாட்டில்தான் இல்லை? அந்தக் கதையை இத்துடன் விடுகிறேன்.

1911-இல் அவர் புக்கர் வாஷிங்டனைச் சந்தித்தார். அடிமையாகப் பிறந்து, அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் கறுப்பின மக்களுக்கெனப் பெரும் கல்விக்கூடத்தை உருவாக்கிய பெருமகன் வாஷிங்டன். தென் மாநிலங்களில் அக்காலத்தில் வெள்ளையர்க்கு ஒரு பள்ளி, கறுப்பர்க்கு ஒரு பள்ளி. வரி இருவரிடமும் வாங்கினார்கள். பணம் மட்டும் பெரும்பாலும் ஒரு பக்கமே போயிற்று. கறுப்பினப் பிள்ளைகள் மாதா கோவில்களிலும் ஒழுகும் கொட்டகைகளிலும் படித்தார்கள். அதுவும் பருத்தி வேலை இல்லாத மாதங்களில்!

1912-இல் தம் ஐம்பதாவது பிறந்த நாளை ஒட்டி ரோசன்வால்ட் பல அறங்களுக்குப் பணம் வழங்கினார். டஸ்கிகீக்குத் தந்ததில் ஒரு சிறு தொகையைக் கொண்டு ஆறு கிராமப் பள்ளிகள் கட்டிப் பார்க்கலாமா என்று வாஷிங்டன் கேட்டார். அவரும் இசைந்தார். முதல் பள்ளி 1913-இல் அலபாமாவின் லோச்சபோகா என்னும் சிற்றூரில் எழுந்தது.

அவர் வைத்த நிபந்தனைதான் இக்கட்டுரையின் மையம். முழுச் செலவையும் அவர் தரமாட்டார். ஊர் மக்கள் தங்கள் பங்கைப் பணமாகவோ, நிலமாகவோ, மரமாகவோ, உடல் உழைப்பாகவோ தரவேண்டும். அரசும் பணம் போடவேண்டும். கட்டிய பள்ளியைப் பொதுப்பள்ளியாக ஏற்று நடத்தவேண்டும். இவை நடந்தால்தான் அவருடைய மானியம் வரும். ஊர் மக்கள் என்ன செய்தார்கள்? பள்ளிக்கென்றே ஒரு துண்டு நிலத்தில் பருத்தி விதைத்தார்கள். கோழியும் முட்டையும் விற்றார்கள். பொலிஜி என்னும் ஊரில் நடந்த கூட்டமொன்றில், அடிமைக் காலத்தைக் கண்ட முதியவர் ஒருவர், தம் வாழ்நாள் சேமிப்பான 38 டாலரை அழுக்குப் பையிலிருந்து மேசைமேல் கொட்டினார்.

இங்கேதான் எனக்குக் கோபம். வரி கட்டி ஏமாந்தவனிடமே மறுபடியும் கேட்பதா? எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வகுப்பறை கட்டியபோதும் வீட்டுக்கு இவ்வளவு என்று தண்டினார்கள். என் தாயாரின் இரண்டு நாள் களையெடுப்புக் கூலி அதில் போயிற்று. அந்த அறையில் படித்துத்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் கல்லூரிக்கு வந்தேன். ஆகையால் இதை முழுவதும் தவறென்று தள்ளவும் என்னால் முடியவில்லை.

கணக்கைப் பாருங்கள், நண்பர்களே! 1932-க்குள் 15 மாநிலங்களில் 5,357 கட்டடங்கள் எழுந்தன. அவற்றில் 4,977 பள்ளிகள். மற்றவை ஆசிரியர் இல்லங்களும் தொழிற்கூடங்களும். மொத்தச் செலவு ஏறத்தாழ 2 கோடியே 84 லட்சம் டாலர். அதில் ரோசன்வால்ட் நிதியின் பங்கு நூற்றுக்கு 15. கறுப்பின மக்களின் பங்கோ நூற்றுக்கு 16-க்கும் மேல்! வெள்ளையர் நன்கொடை நூற்றுக்கு 4. எஞ்சிய 64 பங்கு அரசுப் பணம். ஏழைகள் வள்ளலைவிட அதிகம் கொடுத்திருக்கிறார்கள். ஆயினும் அந்த 15 பங்கு இல்லாதிருந்தால், கறுப்பினப் பிள்ளைகளுக்காக அரசின் பெட்டி அந்த அளவு திறந்திருக்குமா? திறந்திருக்காது என்பதே என் எண்ணம். கொடையைவிட அவருடைய வணிக மூளைதான் இங்கே பெரிய வேலை செய்தது.

அறிவியல் மாணவனாகிய என்னைக் கவர்ந்தவை அக்கட்டடங்களின் வரைபடங்கள். மின்சாரம் இல்லாத ஊர்கள் அவை. ஆகவே கிழக்கிலோ மேற்கிலோ உயரமான சன்னல்களை நெருக்கமாக வரிசையில் வைத்தார்கள். எழுதும் கையின் நிழல் தாளில் விழாதிருக்க, வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருமாறு இருக்கைகளை அமைத்தார்கள். சுகாதாரமான கழிப்பிடமும் திட்டத்தில் சேர்ந்திருந்தது.

1917-இல் தொடங்கிய அவருடைய நிதி, 1928-க்குப் பின் உடல்நலப் பணிகளிலும் இறங்கியது. கறுப்பின மருத்துவர், செவிலியர் பயிற்சிக்கு உதவியது. தென் மாநிலங்களின் ஆறு வட்டாரங்களில் மேகநோய்க்குச் சோதனையும் சிகிச்சையும் அளிக்கும் திட்டத்திற்குப் பணம் தந்தது. பெருமந்தத்தில் சியர்ஸ் பங்குகளின் விலை சரிந்தது. 1932-இல் அந்த உதவி நின்றது. அதே ஆண்டு, அந்த ஆறில் ஒன்றான மேக்கன் வட்டாரத்தில், நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை அந்நோயுற்ற ஏறத்தாழ 400 கறுப்பினத்தவரைச் சிகிச்சை தராமல் கவனிக்கும் ஆய்வைத் தொடங்கியது. பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1972 வரை அந்தக் கொடுமை நீடித்தது. அது ரோசன்வால்ட் செய்த குற்றமன்று. ஆனால் மானியம் நின்ற இடத்தில் என்ன நுழைந்தது என்று எண்ணும்போது நெஞ்சம் பதைக்கிறது.

1932 சனவரி 6-ஆம் நாள் அவர் மறைந்தார். என்றென்றும் நிலைத்திருக்கும் அறக்கட்டளைகளில் அவருக்கு நம்பிக்கை இல்லை. தம் மறைவுக்குப்பின் 25 ஆண்டுகளுக்குள் எல்லாப் பணத்தையும் செலவழித்துவிட வேண்டும் என்று விதித்திருந்தார். 1948-இலேயே நிதி மூடப்பட்டது. அதன் உதவித்தொகை பெற்றவர்களுள் பாடகி மரியன் ஆண்டர்சன், கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், 1950-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ரால்ஃப் பன்ச் ஆகியோரும் உண்டு.

பள்ளிகளை நிறத்தால் பிரிப்பது சட்டத்திற்கு முரண் என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் காலப்போக்கில் இப்பள்ளிகள் மூடப்பட்டன; பல இடிந்தும் போயின. சில ஊர்களில் அங்கே படித்து முதியவர்களானவர்கள், கூரையை மாற்றவும் சன்னல்களைச் செப்பனிடவும் மறுபடியும் தங்களுக்குள் பணம் திரட்டியிருக்கிறார்கள்.