அச்சுக்கூடத்தில் ஒரு மாணவர்

1922ஆம் ஆண்டு. இருபத்தைந்து வயதுடைய இந்திய இளைஞர் ஒருவர் ஜெர்மனியின் தலைநகரான பெர்லினுக்கு மேற்படிப்புக்காகச் சென்றார். பிற்காலத்தில் நம் நாட்டின் மூன்றாவது குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் ஜாகிர் உசேனே அவர்.

1897இல் ஐதராபாத்தில் பிறந்த ஜாகிர் உசேன், பத்து வயதில் தந்தையை இழந்தார். 1911இல் கொள்ளைநோய் தாயையும் கொண்டுசென்றது. பள்ளிப் படிப்பை எட்டாவா நகரில் முடித்து, அலிகார் கல்லூரியில் சேர்ந்து படித்தார். 1920இல் காந்தியடிகள் அலிகாருக்கு வந்து, அரசின் உதவி பெறும் கல்லூரிகளை விட்டு வெளியேறுமாறு மாணவர்களை அழைத்தார். நல்ல வேலையும் வசதியும் காத்திருந்த நிலையில் ஜாகிர் உசேன் கல்லூரியைத் துறந்தார். அவ்வாறு வெளியேறியவர்களுக்காக அவ்வாண்டு அக்டோபர் 29ஆம் நாள் அலிகாரிலேயே தொடங்கப்பட்டதுதான் ஜாமியா மில்லியா இஸ்லாமியா என்னும் தேசியக் கல்விநிலையம். அங்கே சில காலம் பணிபுரிந்த பின்னரே அவர் பெர்லினுக்குப் புறப்பட்டார்.

பெர்லின் பல்கலைக்கழகம் லிண்டன் மரங்கள் அணிவகுத்து நிற்கும் பெருந்தெருவில் அமைந்திருந்தது. அங்குப் பாடங்கள் ஜெர்மன் மொழியில் நடந்தன. ஆங்கில வழியில் பயின்று வந்தவர் அம்மொழியைக் கற்றாக வேண்டும். நம் நாட்டுக் கல்லூரிகளைப் போல ஆண்டுதோறும் தேர்வு வைத்து மாணவரை விரட்டும் வழக்கமும் அங்கு இல்லை. எந்தப் பேராசிரியரின் சொற்பொழிவைக் கேட்பது, எந்த நூலைப் படிப்பது என்பதையெல்லாம் மாணவரே முடிவு செய்ய வேண்டும். இறுதியில் ஓர் ஆய்வேட்டை எழுதி, பேராசிரியர்கள் முன்னிலையில் வாய்மொழித் தேர்வுக்கு உட்பட வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த விடுதலை, சோம்பலுடையவரை எளிதில் வீழ்த்திவிடும். ஜாகிர் உசேன் பொருளியலை எடுத்துக்கொண்டு, வெர்னர் சோம்பார்ட் என்னும் புகழ்பெற்ற அறிஞரிடம் பயின்றார். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய வேளாண்மை எவ்வாறு அமைந்திருந்தது என்பதே அவருடைய ஆய்வுப் பொருள்.

பொருளியல் மாணவர் ஒருவருக்கு அன்றைய பெர்லின் நகரமே ஒரு பாடநூலாக இருந்தது. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்தது. 1923ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு டாலரின் விலை 4.2 இலட்சம் கோடி மார்க்! காலையில் பெற்ற கூலி மாலைக்குள் மதிப்பிழந்துவிடும் என்பதால், தொழிலாளர்கள் பணம் கைக்கு வந்தவுடன் ரொட்டிக்கடையை நோக்கி ஓடினர். வாழ்நாள் முழுதும் சிறுகச் சிறுகச் சேமித்த குடும்பங்கள் ஒன்றுமில்லாமல் போயின. வெளிநாட்டுப் பணம் வைத்திருந்த மாணவர்களுக்கோ அந்நாட்களில் எல்லாம் மலிவாகக் கிடைத்தன. அந்த ஆண்டு நவம்பரில் புதிய நாணயம் வந்து விலைகள் நிலைபெற்றதும், அவர்களும் கணக்குப் பார்த்துச் செலவிட வேண்டியதாயிற்று.

நகரம் அவருக்கு நண்பர்களையும் தந்தது. ஆபித் உசேன், முகமது முஜீப் என்னும் இரு இந்திய மாணவர்கள் அவருடன் நெருங்கிப் பழகினர். கெர்டா பிலிப்ஸ்போர்ன் என்னும் யூதப் பெண்மணியும் அந்நட்பு வட்டத்தில் இணைந்தார். இசையரங்கு, நாடகம், ஓவியக் காட்சி என்று பெர்லினின் கலையுலகம் அவர்களுக்கு அறிமுகமாயிற்று. ஜாகிர் உசேன் தாமும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார். ஜெர்மானிய நண்பர் ஒருவருடன் சேர்ந்து, காந்தியடிகளின் 33 சொற்பொழிவுகளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1924இல் நூலாக வெளியிட்டார்.

ஆயினும் அவருடைய மாணவ வாழ்வில் நினைவில் நிற்கத்தக்க காட்சி பல்கலைக்கழகத்தில் நிகழவில்லை. ஓர் அச்சுக்கூடத்தில் நிகழ்ந்தது. பெர்லினில் காவியானி அச்சகம் என்று ஒன்று இருந்தது. பாரசீக நூல்களை அச்சிடுவது அதன் பணி. உருதுக் கவிஞர் காலிப்பின் கவிதைத் தொகுப்பை அங்கே அழகுற அச்சிட வேண்டும் என்று ஜாகிர் உசேன் விரும்பினார். அக்காலத்தில் இந்தியாவில் உருது நூல்களைக் கையால் எழுதி, அந்த எழுத்தைக் கல்லில் பதித்து அச்சிடுவதே பெருவழக்கு. காவியானியிலோ ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க வேண்டும். உருது எழுத்துகள் வலமிருந்து இடமாகச் செல்பவை. சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவமும், இடையில் ஒரு வடிவமும், இறுதியில் வேறொரு வடிவமும் கொள்பவை. அச்செழுத்தில் அவை கண்ணாடியில் காண்பதுபோலத் தலைகீழாய்த் திரும்பியும் இருக்கும். அச்சகத்தில் ஆள் போதாமையால் வேலை தேங்கியது. ஜாகிர் உசேன் அச்சுக்கோக்கும் தொழிலைத் தாமே கற்று, எழுத்துப் பெட்டியின் முன் நின்று பக்கங்களைக் கோத்தார். 1925இல் அந்நூல் வெளிவந்தது. முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் மாணவர், விரல்களில் மை படிய நின்று வேலை செய்வதை இழிவாகக் கருதவில்லை.

கையால் செய்யும் வேலையே கல்வியாகும் என்ற கருத்து அப்போது ஜெர்மனியில் பரவியிருந்தது. மியூனிக் நகரின் கல்வியாளர் கெர்ஷன்ஸ்டைனர் அதற்குச் சொன்ன எடுத்துக்காட்டு சுவையானது. நாகணவாய் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு பறவைக்கு மாணவன் மரக்கூடு செய்ய வேண்டும். அவன் அளக்கிறான், வரைகிறான், அறுக்கிறான், பொருத்துகிறான். கூடு கோணலாக இருந்தால் ஆசிரியர் குறை சொல்ல வேண்டியதில்லை. அவன் கண்ணே சொல்லிவிடும். இக்கருத்து ஜாகிர் உசேனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

இதற்கிடையே தாய்நாட்டிலிருந்து கவலைதரும் செய்தி வந்தது. கிலாபத் இயக்கம் தளர்ந்ததால், அதனிடமிருந்து ஜாமியாவுக்குக் கிடைத்த பணஉதவி நின்றுபோயிற்று. 1925இல் அது அலிகாரிலிருந்து தில்லியின் கரோல் பாகுக்கு மாறி, வாடகைக் கட்டடங்களில் இயங்கியது. ஹக்கீம் அஜ்மல் கான் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துத் தாங்கிவந்தார். மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பெற்றவருக்கு அந்நாளில் உயர்ந்த வேலை எங்கும் கிடைத்திருக்கும். ஆனால், தாமும் தம் நண்பர்களும் ஜாமியாவுக்கே வாழ்வை அளிக்க அணியமாக இருப்பதாகவும், தாம் வரும்வரை அதை மூடக் கூடாது என்றும் ஜாகிர் உசேன் செய்தி அனுப்பினார்.

1926 பிப்ரவரியில் அவர் திரும்பினார். ஆபித் உசேனும் முஜீபும் உடன்வந்தனர். இருபத்தொன்பதாம் வயதில் ஜாமியாவின் துணைவேந்தரானார். அடுத்த ஆண்டின் இறுதியில் அஜ்மல் கானும் மறைந்தார். கடன் சுமை கூடியது. 1928இல் ஆசிரியர்கள் கூடி, மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறாமல் இருபது ஆண்டுகள் பணிபுரிவதாக உறுதி பூண்டனர். அவர்களுள் ஜாகிர் உசேனும் ஒருவர். பல மாதங்களில் அந்த ஊதியமும் முழுமையாகக் கிடைக்கவில்லை. 1937இல் காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுக்கும் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். கைத்தொழிலை நடுவாக வைத்துப் பிற பாடங்களைக் கற்பிப்பதே அத்திட்டம்.

பெர்லின் தோழி கெர்டாவும் 1930களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து ஜாமியாவின் சிறுவர்களுக்குப் பணிபுரிந்தார். 1943இல் இறந்த அவர் ஜாமியாவின் இடுகாட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1969 மே 3ஆம் நாள், குடியரசுத் தலைவர் பதவியில் இருக்கும்போதே ஜாகிர் உசேன் காலமானார். அவருடைய கல்லறையும் தில்லி ஓக்லாவில் உள்ள ஜாமியா வளாகத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள குழந்தைகள் காப்பகம் ஒன்று கெர்டாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.