ஒரே டம்ளரில் ஊரே குடித்த தண்ணீர்: ரயிலில் கண்ட காட்சியால் தடை கொண்டுவந்த டாக்டர்... யார் இந்த க்ரம்பைன்?

ரயில் பெட்டியின் மூலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. பக்கத்திலேயே ஒரே ஒரு தகர டம்ளர். தாகம் எடுத்தவர்கள் எல்லாரும் அதில்தான் வாய் வைத்துக் குடிக்கணும். சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்க ரயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இதுதான் வழக்கம். யாரும் அதைத் தப்பாக நினைக்கவே இல்லை. அந்த டம்ளரை ஒழித்துக்கட்டக் கிளம்பியவர்தான் டாக்டர் சாமுவேல் க்ரம்பைன்.

யார் இவர்?

1862-ல் பென்சில்வேனியா மாகாணத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் கைதான தந்தை சிறையிலேயே இறந்துபோனார். சின்சினாட்டியில் மருத்துவம் படித்த க்ரம்பைன், கன்சாஸ் மாகாணத்தின் டாட்ஜ் சிட்டியில் மருத்துவம் பார்த்தார். கௌபாய் கதைகளில் துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்போன அதே ஊர்தான். 1904-ல் கன்சாஸ் சுகாதார வாரியத்தின் செயலாளர் ஆனார்.

ரயிலில் என்ன பார்த்தார்?

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. 1882-லேயே ராபர்ட் காக் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். ஆனாலும் வறண்ட காற்று உடம்புக்கு நல்லது என்று நம்பி, நோயாளிகள் மேற்கு மாகாணங்களுக்கு ரயில் ஏறினார்கள். அப்படி ஒரு ரயிலில் க்ரம்பைனும் போனார். இருமிக்கொண்டிருந்த நோயாளிகள் பொது டம்ளரில் தண்ணீர் குடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னக் குழந்தை வந்து அதே டம்ளரை வாயில் வைத்தது. அந்தக் காட்சி அவர் மனசை விட்டுப் போகவே இல்லை.

1909-ல் வந்த தடை

ரயில், ரயில் நிலையம், பள்ளிக்கூடம் என எங்கும் பொது டம்ளர் கூடாது என்று 1909-ல் கன்சாஸ் தடை விதித்தது. அமெரிக்காவில் இப்படித் தடை போட்ட முதல் மாகாணம் இதுதான். பிறகு மற்ற மாகாணங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன.

சரி, டம்ளரை எடுத்துவிட்டால் மக்கள் எதில் குடிப்பார்கள்? அந்த நேரத்தில்தான் லாரன்ஸ் லுவெல்லனும் ஹியூ மூரும் பேப்பர் கப்பை விற்கத் தொடங்கியிருந்தார்கள். தடை வர வர விற்பனை சூடுபிடித்தது. பின்னாளில் டிக்ஸி கப் என்று பிரபலமானது இதுதான்.

டவல், ஈ, செங்கல்!

க்ரம்பைன் அதோடு நிற்கவில்லை. கழிப்பறைகளில் எல்லாரும் கை துடைத்த ஒரே பொது டவலுக்கும் தடை வந்தது. ஈக்களை அடித்துக் கொல்லச் சொல்லி 1905-ல் ஒரு பிரசாரம் நடத்தினார். அதைக் கேட்டு பள்ளி ஆசிரியர் ஒருவர் கம்பி வலையில் மட்டை செய்துகொண்டு வர, அதற்கு ஃப்ளை ஸ்வாட்டர் என்று பெயர் வைத்தவரும் இவரே. நடைபாதையில் எச்சில் துப்பக் கூடாது என்ற வாசகத்தைச் செங்கல்லிலேயே அச்சிட வைத்தார். அந்தக் கற்களைப் பதித்த பாதையில், துப்பக் குனிகிறவர் கண்ணில் முதலில் படுவதே அந்த எழுத்துதான்!

அவர் பயந்தது சரியா?

முழுக்கச் சரி என்று சொல்ல முடியாது. காசநோய் முக்கியமாகக் காற்று வழியாகத்தான் பரவுகிறது, டம்ளர் வழியாக அல்ல என்பது இன்று தெரிந்த விஷயம். ஆனால் சளி, ஃப்ளூ, தொண்டைத் தொற்று போன்றவை எச்சில் வழியாகவும் பரவக்கூடியவை. அந்த வகையில் அவர் எடுத்த முடிவு வீண்போகவில்லை.

கடைசி நாட்கள்

இவ்வளவு செய்தும் அரசியல் நெருக்கடியால் 1923-ல் கன்சாஸ் பதவியை விட வேண்டியதாயிற்று. நியூயார்க் போய் குழந்தைகள் நலனுக்காக உழைத்தார். 1954-ல், 91 வயதில் காலமானார். உணவுப் பாதுகாப்பில் சிறந்து விளங்கும் உள்ளூர் சுகாதாரத் துறைகளுக்கு அவர் பெயரில் இன்றும் விருது தரப்படுகிறது.

அந்த ரயில் குழந்தையின் பெயர் எங்கேயும் பதிவாகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த குழந்தைகள் யாரோ குடித்த எச்சில் டம்ளரில் வாய் வைக்க வேண்டிய நிலை மெல்ல மெல்ல மறைந்தது.