கட்டடத்துக்கு யாப்பு வகுத்தவர்

பொறுமைக்கு உவமை தேடிய நம் புலவர் நிலத்தையே கண்டனர். உழுதாலும் அகழ்ந்தாலும் வெகுளாது தாங்குதல் அதன் இயல்பு என்று கொண்டனர். ஆயினும் அந்நிலமும் ஒரோவழி தன் பொறையை இழப்பதுண்டு. அவ்வேளையில் மாந்தரைக் கொல்வது பெரும்பாலும் நிலமன்று. அவர்கள் தம் கையாற் கட்டிய சுவரும் கூரையுமே. இவ்வுண்மையை அளந்து காட்டி, அதற்கு மாற்றும் வகுத்து, பாரத நாட்டில் நிலநடுக்கப் பொறியியல் என்னும் துறையை நிலைநாட்டிய பெரியார் கலாநிதி ஜெய் கிருஷ்ணா ஆவார். இலக்கணம் கற்பிக்கும் எனக்கு ஒரு பொறியியலாளரின் வரலாற்றில் என்ன நாட்டம் என வாசகர் வினவலாம். அதற்கு விடை அவருடைய கலையினுள்ளேயே இருக்கின்றது.

உத்தரப் பிரதேசத்து முசாபர்நகரில் 1912ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் அவர் பிறந்தார். கங்கைக் கால்வாய்க் கரையிலுள்ள ரூர்க்கி நகரின் தொம்சன் பொறியியற் கல்லூரியிற் பயின்று, 1935இல் சிறப்புடன் தேறினார். அவருடைய மாணவப் பருவம் வடநாடு இருமுறை நடுங்கிய காலமாகும். 1934 சனவரி 15இல் பீகாரும் நேபாளமும் அதிர்ந்தன. பதினாயிரவருக்கு மேல் மாண்டனர். நீர் ஊறிய மணல் குழம்பாகி நிலப்பிளவுகளின் வழியே பீறிட, இடியாத வீடுகளும் சாய்ந்தன. சில மண்ணுள் அமிழ்ந்தன. அடுத்த ஆண்டு மே 31இல் குவெட்டா நகரம் தரைமட்டமாயிற்று. முப்பதினாயிரம் பேருக்குக் குறையாமல் அங்கே உயிர்நீத்தனர். ஆனால் அவ்வழிவின் நடுவே, எஸ். எல். குமார் என்னும் இளம் இரயில்வேப் பொறியியலாளர் இரும்பைச் செங்கற் சுவரோடு பிணைத்துக் கட்டுவித்த மனைகள் வீழாது நின்றன. ஊழ் என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில் அறிவுக்கும் வேலை உண்டு என்பதற்கு அம்மனைகளே சான்றாயின.

1939இல் ஜெய் கிருஷ்ணா தாம் பயின்ற கல்லூரியிலேயே ஆசிரியரானார். அக்கல்லூரி 1949இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அவர் 1954இல் இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஓ. பி. ஜெயினுடன் சேர்ந்து அவர் எழுதிய கொங்கிறீற்றுப் பாடநூலைப் பல தலைமுறை மாணவர் கைக்கொண்டனர். பின்னர் அமெரிக்கா சென்று, கலிபோர்ணியாவில் இத்துறையின் முன்னோடிகளாக விளங்கிய ஹௌஸ்னர், ஹட்சன் ஆகியோரின் ஆய்வுமுறையைக் கற்றுவந்தார். 1960இல் ரூர்க்கியில் நிலநடுக்கப் பொறியியலுக்கென ஓர் ஆராய்ச்சிப் பள்ளி தோன்றியது. 1962இல் அவர் முன்னின்று உருவாக்கிய முதலாவது இந்திய விதிநூல் வெளிவந்தது.

இனி, அவ்விதியின் உட்பொருளைக் காண்போம். யாத்தல் என்பது கட்டுதல். எழுத்தும் அசையும் சீரும் எத்துணைச் செறிவுடையன ஆயினும், தளை கெட்டாற் செய்யுள் சிதையும். கட்டடமும் அத்தகையதே. கொங்கிறீற்று அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆதலால் இழுவைக்கென உருக்குக் கம்பியை உள்ளே வைக்கின்றோம். நிலம் அசையாதபோது சுமை கீழ்நோக்கியே செல்லும். நிலம் பக்கவாட்டில் ஆடும்போதோ, கட்டடத்தின் நிறையே அதற்குப் பகையாகின்றது; நிறை மிகுந்தால் அதனை அலைக்கும் விசையும் மிகும். எனவே பருத்தது வலியது என்னும் எண்ணம் இங்கே பொருந்தாது. தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் சிறு வளையங்கள் நெருக்கமாக இருத்தல் வேண்டும். தூணும் உத்தரமும் கூடும் சந்தியில் அந்நெருக்கம் இன்னும் மிகுதல் வேண்டும். அங்ஙனம் தளைக்கப்பட்ட தூண் வளையும், வெடிக்கும். ஆயினும் சட்டென ஒடியாது. உள்ளிருப்போர் வெளியேறும் வரை அது நின்றாற் போதுமானது.

மேலை நாட்டு மாடங்களோடு அவர் நின்றுவிடவில்லை. ஏழை நாட்டில் மக்கள் வாழ்வதும் பிள்ளைகள் பயில்வதும் செங்கற் சுவர்களுக்குள்ளே என்பதை உணர்ந்திருந்தார். பிரிஜேஷ் சந்திராவுடன் அவர் 1965இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய கட்டடங்களைப் பற்றியதே. கதவு யன்னல்களின் மேல்மட்டத்தில், நான்கு சுவரையும் ஒருங்கே சுற்றிவரும் கம்பியிட்ட கொங்கிறீற்றுப் பட்டி ஒன்றும், மூலைகளில் நெடுக நிறுத்திய கம்பிகளும், தனித்தனியே விழக்கூடிய சுவர்களை ஒரு பெட்டியாக ஆக்கிவிடும். இதற்கு ஆகும் செலவும் பெரிதன்று.

அவருடைய பெருமையைத் துலக்கிய சோதனை 1967 டிசம்பர் 11இன் விடியற்காலையில் வந்தது. மகாராட்டிரத்துக் கொய்னா அணை நடுங்கிற்று. அப்பகுதியிற் சுமார் 180 பேர் மாண்டனர். தக்காணத்தின் தொன்மையான பாறை அசையாது என்றே அதுவரை அறிஞர் நம்பினர். விதிநூலின் வரைபடமும் அப்பகுதியை இடர் மிகக் குறைந்த வலயங்களிலேயே வைத்திருந்தது. தன் எடையில் இருபதில் ஒரு பங்கு பக்கவிசைக்கென வகுக்கப்பட்ட அவ்வணையிலே, கருவிகள் பதிந்த அதிர்வு புவியீர்ப்பின் பாதியையும் விஞ்சியது. 103 மீற்றர் உயர்ந்த அணை வெடிப்புற்றதேயன்றி உடையவில்லை. ஏட்டில் எழுதியதை நிலம் மறுத்தபோது, ஜெய் கிருஷ்ணாவும் அவர் தோழர்களும் ஏட்டையே திருத்தினர். இடரே இல்லை எனக் குறித்த வலயம் 1970ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒழிக்கப்பட்டது. அதன்பின் வந்த பதிப்புகளிலே, பள்ளிக்கூடம், மருத்துவமனை போன்ற பொதுக் கட்டடங்களைப் பிறவற்றினும் ஒன்றரை மடங்கு விசைக்கு வகுத்தல் வேண்டும் என்னும் நெறியும் இடம்பெற்றது.

பட்நாகர் பரிசு, பத்ம பூஷண், ரூர்க்கிப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி, அனைத்துலக நிலநடுக்கப் பொறியியற் சங்கத்தின் தலைமை ஆகியன அவரை நாடி வந்தன. 1999 ஆகத்து மாதத்தில் அவர் மறைந்தார்.

அவர் மறைந்து ஒன்றரை ஆண்டு கழியுமுன், 2001 சனவரி 26இன் குடியரசு நாட் காலையில் குசராத்து நடுங்கிற்று. பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அஞ்சார் நகரில் கொடி ஏந்தி ஊர்வலம் சென்ற பள்ளிச் சிறுவர் பலர் இருமருங்கும் சரிந்த கட்டடங்களின் கீழ் அகப்பட்டனர். அதிர்வு தோன்றிய இடத்துக்கு 200 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் புதிய கொங்கிறீற்று மாடங்கள் வீழ்ந்தன. அவற்றுட் பலவற்றிலே வாகனம் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளம் சுவரின்றித் தூண்மேல் நின்றது. தளை நெகிழ்ந்த அத்தூண்களே முதலில் ஒடிந்தன. விதிநூல் பிறந்து அப்போது 39 ஆண்டுகள் ஆகியிருந்தன. கட்டுவோர் அதனைப் பின்பற்றுகின்றனரா என ஆராய்வார் இல்லாமையே குறை. இலக்கணம் ஏட்டில் இருந்தது. எழுதுவோர் அதனைக் கற்றிலர்.

இலங்கையராகிய நமக்கு இதனால் ஆவதென்ன? நம் தீவும் தக்காணத்தைப் போலத் தொன்மையான பாறைமீது அமைந்தது. பெரிய நடுக்கம் இங்கே அரிது. ஆயினும் 1615 ஏப்ரலில் கொழும்பு நடுங்கிப் பெருஞ்சேதம் உற்றதாகப் போர்த்துக்கேயர் காலச் செய்தி உண்டு. நான் வாழும் உச்சமுனையோ ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளக் களப்பும் சூழ்ந்த மணற்றிட்டு. சிறிது தோண்டினால் நீர் ஊறும் இம்மணலிற் கட்டுவோர் பீகாரை மறத்தலாகாது. நிலம் நடுங்காதவழியும் உப்புக் காற்று ஓயாது தன் வேலையைச் செய்கின்றது. அது கம்பியைத் துருவேற்ற, துரு பருத்துக் கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கும். தூணில் நெடுக ஓடும் வெடிப்பும், பழுப்புக் கறையும், தட்டினால் எழும் பொள்ளல் ஓசையும் அதன் அறிகுறிகள். இவற்றைக் காணப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை; கண் இருந்தாற் போதும்.

ஒவ்வொரு பொதுக் கட்டடத்துக்கும் வயது என்ன, நிற்கும் மண் யாது, கம்பியின் நிலை எப்படி, சந்திகள் செவ்வனே யாக்கப்பட்டனவா என்று வல்லுநரைக் கொண்டு ஆராய்ந்து எழுதிவைத்தல் அரிய செயலன்று. முதலில் ஆராய வேண்டியவை பள்ளிக்கூடங்களே. அங்கே மணி அடித்ததும் பிள்ளைகள் நம் சொல்லை நம்பி உள்ளே வந்து அமர்கின்றனர். மேலே உள்ள கூரையை அவர்கள் ஐயுற்று நோக்குவதில்லை. நோக்க வேண்டியவர் நாமே.