திருப்பாசுரத்துக்கு உரைகண்ட சேக்கிழார் பெருமான்

திருத்தொண்டர் புராணம் ஓதும் அன்பர் பலர், திருஞானசம்பந்த மூர்த்திகள் புராணத்தில் புனல்வாதம் கூறும் பகுதியை அடைந்தவுடன், ஏடு வையையில் எதிரேறும் அற்புதத்தைக் காணும் விரைவினால் இடையே நின்ற பல செய்யுட்களை விரைந்து கடந்துவிடுகின்றனர். அச்செய்யுட்களில் சேக்கிழார் சுவாமிகள் கதையை நிறுத்தி, பிள்ளையார் ஏட்டில் எழுதியருளிய திருப்பாசுரத்துக்குத் தாமே உரையாசிரியராய் அமர்ந்து பொருள் விரிக்கின்றார். தேவாரத்துக்குப் பழைய உரை இல்லையே என்று வருந்துவோர் இவ்விடத்தை ஊன்றி நோக்குவாராக.

சுவாமிகள் தொண்டைநாட்டுப் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரில் வேளாளர் மரபில் அவதரித்தவர். சேக்கிழார் என்பது குடிப்பெயர், இயற்பெயர் அருண்மொழித்தேவர். தம்பியார் பாலறாவாயர். சோழன் அனபாயனுக்கு அமைச்சராகி, உத்தமசோழப் பல்லவர் என்னும் பட்டமும் பெற்றார். அனபாயன் என்பான் 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாங் குலோத்துங்கனே என்பர் சரித்திர ஆராய்ச்சியாளர். சோணாட்டுத் திருநாகேச்சரத்தில் கொண்ட பேரன்பினால் தம் ஊரிலும் அப்பெயராலே ஓர் ஆலயம் எடுப்பித்தார். அரசன் சீவகசிந்தாமணியின் சுவையில் ஆழ்ந்திருக்கக் கண்டு, இம்மைக்கும் மறுமைக்கும் துணையாவது அடியார் சரிதமே என்று அஞ்சாது எடுத்துரைத்ததும், தில்லைக் கூத்தப்பிரான் முதற்சொல் அளிக்கப் புராணம் பாடியதும் நம்மவர் அனைவரும் அறிந்தனவே. அவற்றை ஈண்டு விரிக்கின்றிலம்.

திருப்பாசுரம் பன்னிரண்டு பாடல்களால் ஆயது. சொல் எளிது, பொருளோ ஆழ்ந்தது. முதற்பாட்டில் அந்தணரும் தேவரும் ஆனினமும் வாழ்த்தப்பெறுகின்றனர், மழை வேண்டப்படுகின்றது, வேந்தனும் வாழ்த்துப் பெறுகின்றான். இவை ஒன்றோடொன்று எவ்வாறு இயைந்தன? சிவபரத்துவத்தை நாட்டப் புகுந்த ஏட்டில் மன்னனுக்கு இடம் ஏன்? சுவாமிகள் விடை கூறுமாறு காண்க. அந்தணர் முதலியோரை வாழ்த்தியது வேள்வியும் சிவார்ச்சனையும் உலகில் நிலைபெறற்பொருட்டு. வேள்வியின் பயன் மழை. அம்மழைநீரோ நாளும் நிகழும் அர்ச்சனைக்கு உறுப்பு. இவை அனைத்தையும் முறைப்படி காப்பவன் அரசன். ஆதலின் அவனும் வாழ்த்தப்பட்டான். எனவே வாழ்த்து அரசனுடைய முடிக்கன்று. அவன் காக்கும் வழிபாட்டுக்கேயாம். அரசனிடம் ஊதியம் பெற்ற ஓர் அமைச்சர் இவ்வுரையைக் கண்டார் என்பதை யாம் நினையுந்தோறும் வியப்புறுகின்றோம். அனபாயனை அவர் பாடாமலும் இல்லை. பிள்ளையார் வேந்தன் ஓங்கப் பாடியவுடன் பாண்டியன் கூன் நிமிர்ந்ததற்கு அச்சோழனது செங்கோலையே உவமையாக்கினார். கோல் வளையாதிருக்குங்காலே அவ்வுவமை பொருந்தும். சோழன் அவையில் இதனைக் கேட்டவர்க்கு இக்குறிப்பு விளங்காதிராது.

சித்தாந்திகள் பெரிதும் ஆராயற்பாலது ஐந்தாம் பாட்டின் உரை. ஏதுக்களாலும் எடுத்துக் கூறும் மொழியாலும் இறைவனை மிகச் சோதித்தல் வேண்டா என்பது அப்பாட்டின் கருத்து. இதனைக் கொண்டு, தேவாரம் தருக்கத்தை விலக்கிற்று என்றும், அனுமானத்தால் முதற்கடவுளை நிறுவும் சிவஞானபோத முதற்சூத்திரம் அதனோடு மாறுகொள்ளும் என்றும் சிலர் மயங்குவர். சேக்கிழார் சுவாமிகள் கண்ட பொருளோ அதுவன்று. சங்கரனுக்கு ஒப்பாவது பிறிதின்மையின், அவன் இன்ன தன்மையன் என்று ஏதுவும் எடுத்துக்காட்டும் காட்டி அளக்கலாகாது என்பதே அவர் துணிபு. தன்மையை அளத்தலை மறுத்தாரேயன்றி உண்மையைத் துணிதலை மறுத்திலர். உளன் என்று நாட்டுதல் அனுமானத்தின் எல்லை. இன்னன் என்று வரையறுத்தல் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. மெய்கண்ட தேவர் தோன்றுதற்கு முன்னரே இவ்வேறுபாடு இத்துணைத் தெளிவாக வகுக்கப்பட்டமை காண்க. இறைவன் சுடராய் உளன் என்றதற்கும் அவர் இருபொருள் காண்கின்றார்: புறத்தே அங்கியின் ஒளியாயும், அன்பு ஊன்றிய நெஞ்சினுள்ளே எழும் சோதியாயும் நிற்கின்றான் என்பது. முன்னாளில் அனல்வாதத்து ஏடு தீயில் வேவாது நின்றதை நினைவார்க்கு இவ்வுரையின் சுவை மிகும்.

வெண்ணீற்றுக்கு உரைத்த பொருளும் அரிது. தன் முடிவிலா ஒளியொழிந்த ஏனை ஒளிகளெல்லாம் வெந்தற்ற பின் எஞ்சிய பொடியையே இறைவன் சாந்தாக அணிந்தான் என்கின்றார். சங்கார காரணனே முதல்வன் என்னும் நம் கோட்பாடு முழுதும் இதனுள் அடங்கிற்று. இறைவனுக்குத் தாய் தந்தையர் இலர் என்றதற்கும், யாவற்றையும் படைத்து, ஒடுங்குங்கால் தன்னுள் அடக்கி, மீளவும் தருபவனாதலின் பிறப்பிலன் என்றே பொருள் காண்கின்றார்.

உரை முடிவில், பாசுரத்தின் எல்லை முழுதும் அறிந்து கும்பிட்டேன் அல்லேன், பிள்ளையார் திருவடி காட்டிய நெறியிற் சிறிது அறிந்த அளவே கும்பிட்டேன் என்று பணிகின்றார். அதன் பின்னரே ஏடு ஆற்றில் இடப்படுகின்றது. அது நீரைக் கிழித்து எதிரே சென்றமைக்கு, பிறவி ஆற்றை எதிர்த்துச் செல்லும் மாதவர் மனத்தை உவமை கூறினார்.

புராணம் தில்லையில் ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறுவருடத்துச் சித்திரைத் திருவாதிரையில் அரங்கேறி நிறைவுற்றது. சோழன் திருமுறையோடு சுவாமிகளை யானைமேல் ஏற்றித் தானும் உடனிருந்து கவரி வீசினான். தொண்டர்சீர் பரவுவார் என்னும் திருநாமமும் சூட்டினான். இவற்றை உமாபதி சிவாசாரியார் அருளியதாக வழங்கும் சேக்கிழார் புராணத்துட் காணலாம். அதன்பின் சுவாமிகள் அமைச்சுரிமையை மேற்கொண்டிலர். அது தம்பியார் பாலறாவாயர்க்குச் சென்றது. தாம் தில்லையிலேயே அடியாரோடு கூடியிருந்து, வைகாசிப் பூசத்தில் சிவபதம் எய்தினார்.