மெடோஸ் டெய்லரும் மோரியர் வீடுகளும்

தக்கர் என்ற கொலைகாரக் கூட்டத்தாரைப் பற்றி 1839-ம் வருஷத்தில் ஆங்கிலத்தில் வெளிவந்த நாவலை நம்மில் பலர் கலாசாலை நாட்களில் படித்திருக்கிறோம். வழிப்போக்கரோடு சிநேகம் பண்ணிக்கொண்டு, சமயம் பார்த்துக் கைக்குட்டையால் கழுத்தை நெரித்துவிடும் அமீர் அலி என்ற பாத்திரம் எளிதில் மறக்கக் கூடியதன்று. அந்தப் புஸ்தகத்தை எழுதியவர் பிலிப் மெடோஸ் டெய்லர். அவரை நாவலாசிரியராக அறிந்தவர் பலர். தக்ஷிணத்தின் கருங்கல் மேடுகளில், பேரும் ஊரும் மறந்துபோன ஆதி மனிதர்களின் சவக்குழிகளைத் தேடி அலைந்து, அளந்து, படம் வரைந்து வைத்த முன்னோடியாக அவரை அறிந்தவர் மிகச் சிலர். அந்நிய ஆட்சியில் அதிகாரம் செலுத்திய ஒருவருக்கு இந்தப் பத்தியில் இடம் கொடுப்பதைக் கண்டு சில அன்பர்கள் புருவத்தை நெரிக்கக்கூடும். அவர்கள் முடிவு வரையில் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

டெய்லர் 1808-ம் வருஷம் செப்டம்பர் 25-ந் தேதி லிவர்பூல் நகரில் ஒரு வியாபாரியின் குமாரராகப் பிறந்தார். தகப்பனாரின் தொழில் நொடித்தது. பையன் சிறு வயதிலேயே ஒரு கணக்கு மேஜையின் முன் உட்கார வேண்டியதாயிற்று. 1824-ல், பதினாறு வயது பூர்த்தியாகு முன்பே, பம்பாயில் ஒரு வியாபாரி தம்மைக் கூட்டாளியாக்கிக் கொள்வார் என்ற நம்பிக்கையோடு கப்பலேறினார். வந்து பார்த்தால் அந்த வியாபாரமும் முங்கும் நிலையில் இருந்தது. பம்பாய் சர்க்காரில் உயர்ந்த உத்தியோகத்திலிருந்த பந்து ஒருவர் கைகொடுத்ததால், அதே வருஷக் கடைசியில் ஹைதராபாத் நிஜாமின் படையில் அவருக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. கம்பெனியின் நேர் உத்தியோகமன்று அது. கம்பெனியோடு உடன்படிக்கை எழுதி வந்த சீமான் வீட்டுப் பிள்ளைகள் ஒரு ஜாதி, டெய்லர் போன்றவர்கள் வேறொரு ஜாதி. நமது வர்ணாசிரமத்தைப் பார்த்துச் சிரித்த அந்த வெள்ளைக்காரர்களிடத்திலும் பந்தி வஞ்சனைக்குக் குறைவில்லை. பிற்காலத்தில் ஒரு சமஸ்தானத்தையே நிர்வகித்த போதிலும், பதவி உயர்வில் டெய்லருக்கு இந்தக் குறை கடைசி வரை நீங்கவில்லை.

ஒரு விதத்தில் அது அவருக்கு நன்மையாயிற்று என்றும் சொல்லலாம். வெள்ளைக்காரர் கூட்டத்தில் பெருமை இல்லாதவர் ஜனங்களோடு பழகினார். ஹிந்துஸ்தானியும் மராத்தியும் பார்ஸியும் கற்றார். இளம் வயதிலேயே போலீஸ் அதிகாரியாகி ஊர் ஊராய்க் குதிரையில் சுற்றினார். பாதையோரங்களில் காரணம் தெரியாமல் பிரேதங்கள் கிடப்பதைக் கண்டு அவர் துப்புத் துலக்கத் தொடங்கிய தறுவாயில் மேலிடம் அவரைப் பட்டாளத்துக்குத் திரும்ப அழைத்துக்கொண்டது. தக்கர்களைக் கண்டுபிடித்த புகழ் ஸ்லீமன் துரைக்குப் போயிற்று. 1832-ல் ஹைதராபாத்தில் பிரசித்தி பெற்ற லேவாதேவிக்காரர் வில்லியம் பாமரின் குமாரத்தி மேரியை மணந்தார். பாமரின் தாயார் வட இந்தியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் மாது. ஆகவே டெய்லரின் மனைவிக்குப் பாட்டி நமது தேசத்தவர். அந்த அம்மையார் 1844-ல் காலமாகிவிட்டார். டெய்லர் பிறகு மணம் செய்துகொள்ளவில்லை.

1841-ல் அவரை சுரபுரம் என்னும் சமஸ்தானத்துக்கு அனுப்பினார்கள். இன்று கர்நாடகத்தில் யாதகிரி மாவட்டத்தைச் சேர்ந்த அந்த ஊர், பேடர் என்ற வேட்டுவக் குலத்து நாயக்கர்களின் தலைநகரம். ஔரங்கஜேப் தமது கடைசிப் படையெடுப்பில், 1705-ல், நேரில் வந்து முற்றுகையிட்டது இந்த நாயக்கர்களின் கோட்டையைத்தான். அத்தகைய வமிசத்தில் அப்போது வாரிசுச் சண்டை. ஒரு புறம் ராணி ஈசுவரம்மா, மறு புறம் பாளையத்தைக் கைப்பற்ற நினைத்த உறவினர். நடுவில் ஏழெட்டு வயதுப் பாலகன் வேங்கடப்ப நாயக்கன். சைன்யமொன்றும் பெரிதாக இல்லாமல், பெரும்பாலும் பேச்சினாலேயே டெய்லர் அங்கே அமைதியை நிலைநாட்டினார் என்பதைச் சரித்திரம் ஒப்புக்கொள்கிறது. ஏரிகளைச் செப்பனிட்டார். இன்று பறவைகளின் சரணாலயமாக விளங்கும் போனாள் ஏரி அவர் காலத்தில் திருத்தப்பட்டது. மலை மேல் அவர் கட்டிக்கொண்ட மாளிகை அவர் பெயரோடு இன்றும் இருக்கிறது. சிறுவன் வேங்கடப்பன் அவரை அப்பா என்றே அழைத்தான்.

இனிக் கற்களுக்கு வருவோம்.

நிர்வாக வேலையாகச் சுற்றிய காலத்தில், சுரபுரத்துக் காடுகளில் டெய்லரின் கண்ணில் விநோதமான சின்னங்கள் பட்டன. மூன்று பக்கம் பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு பெரும் பாறையை மூடியாக ஏற்றி வைத்த கல்வீடுகள். நாலு பக்கமும் அடைத்து, ஒரு பலகையில் மட்டும் வட்டமாய்த் துளை விட்ட பெட்டிகள். நடுவிலே கற்குவியலும் சுற்றிலும் உருண்டைப் பாறைகளும் உள்ள வட்டங்கள். குடியானவர்களைக் கேட்டால், இவை மோரியர் வீடுகள் என்றார்கள். மோரியர் என்போர் சாண் கணக்கில் உயரமும் அசுர பலமும் உள்ள குள்ளர்களாம். யுகம் மாறும்போது அழிந்து போனார்களாம். ஆடு மேய்க்கிறவன் மழைக்கு அந்தக் கற்கூரையின் கீழ் ஒதுங்குவான். அதற்கு மேல் யாரும் விசாரித்ததில்லை. ராஜன் கோளூரிலும், அகரடகியிலும், பீமா நதிக்கருகே ஜேவர்கியிலும் இத்தகைய கூட்டங்களை டெய்லர் கண்டார். ஷாஹாபூருக்கு அருகே விபூதிஹள்ளியில் அவர் பார்த்தது இன்னும் ஆச்சரியமானது. அங்கே வட்டமுமில்லை, வீடுமில்லை. பெரிய பெரிய பாறைகளை உருட்டி வந்து, வரிசை வரிசையாக, ஒழுங்கான இடைவெளி விட்டு ஒரு பரந்த வெளி முழுவதும் நட்டிருக்கிறார்கள். எதற்காக என்பது இன்றைய ஆராய்ச்சியாளருக்கும் பிடிபடாத புதிர்.

கண்டதோடு நிற்கவில்லை அவர். ஜேவர்கியில் சில மேடுகளைத் தோண்டிப் பார்த்தார். இங்கேதான் மற்றவர்களுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம். மலையாளத்தில் பாபிங்டன் என்பவர் 1823-லேயே பாண்டு குழிகளைப் பற்றி எழுதியிருந்தார். ஆனால் அக்காலத்தில் குழி தோண்டிய துரைமார் அநேகருக்குப் புதையலில்தான் கண். உச்சியிலிருந்து நேரே ஒரு கிணறு வெட்டி, பானையையும் ஈட்டியையும் வாரிக்கொண்டு மூடிவிட்டுப் போவார்கள். டெய்லரோ, மேட்டைக் குறுக்கே வெட்டி, எந்த மண்ணுக்குக் கீழே எந்த மண், எந்த அடுக்கில் கல், எந்த ஆழத்தில் எலும்பு, எங்கே பாண்டம் என்று வெட்டுமுகத்தைப் படமாக வரைந்து வைத்தார். 1850-ஐ ஒட்டிய வருஷங்களில் ஐரோப்பாவிலேயே இந்தப் பழக்கம் அபூர்வம். ஒரு நூற்றாண்டு கழித்து, 1947-ல் மைசூர் ராஜ்யத்துப் பிரம்மகிரியில் இதே வகைக் கல்லறைகளைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர், டெய்லரின் படங்களைக் கண்டு வியந்து பாராட்டியிருக்கிறார். பிறரை எளிதில் புகழாத வீலரின் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது.

குழிகளில் அகப்பட்டவை: கறுப்பும் சிவப்புமான மெருகேற்றிய பாண்டங்கள், இரும்பு ஆயுதங்கள், எலும்புகள். சில இடங்களில் எலும்புக்கூடுகள் ஒழுங்கற்றுக் கிடந்தன. தலை வேறு, உடல் வேறாக இருந்தது. தலைவன் இறந்தபோது ஏவலாட்களை வெட்டிப் பலி கொடுத்திருக்கிறார்கள் என்று டெய்லர் முடிவு கட்டினார். கட்டியவர்கள் யார் என்ற கேள்விக்கும் துணிந்து விடை சொன்னார். பிரிட்டனிலும் பிரான்ஸின் மேற்குக் கரையிலும் இதே மாதிரிக் கல்வீடுகள் இருக்கின்றன அல்லவா? ஆகவே மத்திய ஆசியாவின் சீதியர் என்ற ஒரே ஜாதியார் இரு திக்கிலும் பரவி இவற்றை நட்டார்கள் என்பது அவர் கொள்கை. பம்பாய் ஆசியக் கழகத்தின் சஞ்சிகையிலும், பிறகு அயர்லாந்து ராஜ கழகத்தின் வெளியீட்டிலும் இதை விஸ்தாரமாக எழுதினார்.

இந்த இரண்டு முடிவுகளையும் நாம் ஏற்பதற்கில்லை. ஐரோப்பாவின் கல்லறைகள் தக்ஷிணத்துக் கல்லறைகளை விட ஆயிரக்கணக்கான வருஷங்கள் மூத்தவை. அங்கே இரும்பு இல்லை, இங்கே இரும்பு உண்டு. உருவம் ஒத்திருப்பதைக் கொண்டு உறவு கொண்டாடுவது, இருவர் மூக்கு ஒரே மாதிரியாக இருப்பதைக் காட்டிப் பாகப்பிரிவினை வழக்குத் தொடுப்பது போன்றது. எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. பலியைப் பற்றிய ஊகமும் அப்படியே. சடலத்தை வெளியிலே விட்டுச் சதை அழிந்த பின் எலும்பைத் திரட்டிப் புதைக்கும் வழக்கம் அக்காலத்தில் பரவியிருந்தது; அவ்வாறு புதைத்த எலும்பு ஒழுங்காகக் கிடக்க வேண்டியதில்லை. டெய்லருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் மணிமேகலையைப் புரட்டியிருப்பார். எரித்தல், வெளியில் விடுதல், குழியில் புதைத்தல், கல்லறையில் அடைத்தல், தாழியில் வைத்து மூடுதல் ஆகிய ஐவகையும் அந்நூலில் கூறப்பட்டிருக்கின்றன. ஆனால் முடிவு தவறினாலும் படம் தவறவில்லை. அளந்து எழுதியதை நேர்மையாக எழுதி வைத்ததனாலேயே, அவருடைய தவற்றை அவர் படத்தைக் கொண்டே இன்று நம்மால் திருத்த முடிகிறது.

நமது தேசத்து மூதாதையரின் கல்லறையை அளக்க லிவர்பூலிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது நமக்கு வெட்கமாகவே இருக்கிறது. சித்தன்னவாசலுக்குப் போகிற அன்பர்கள் சமணர் குகையின் சித்திரத்தைப் பார்த்துவிட்டு மோட்டாரில் ஏறித் திரும்பிவிடுகிறார்கள். அடிவாரத்தில் கிடக்கும் கல்வட்டங்களை ஏறிட்டுப் பார்ப்பவர் நூற்றில் ஒருவர் இல்லை. ஒரு முறை நாம் ஒரு கிராமத்துக் கல்வட்டத்தைத் தேடிக்கொண்டு போயிருந்தோம். இருந்த இடத்தை ஒரு முதியவர் காட்டினார். கற்கள் இல்லை. பக்கத்திலேயே புதிதாய்ப் போட்ட கப்பி ரோடு இருந்தது. புராதனச் சின்னங்களைக் காக்க 1904-ல் ஒரு சட்டமும் 1958-ல் ஒரு சட்டமும் ஏற்பட்டது உண்மையே. ஜாபிதாவில் பெயர் ஏறிய கல்லுக்குத்தான் அவை காவல். மற்றக் கல்லுக்கு ஊரார்தான் காவல். ஊரார் கண்ணில் அது ஜல்லி.

டெய்லரின் கதையில் மிகவும் துயரமான பகுதி இனிமேல்தான் இருக்கிறது. 1853-ல் வேங்கடப்ப நாயக்கனுக்கு வயது வந்து ராஜ்யம் ஒப்படைக்கப்பட்டது. டெய்லர் நல்துர்க்கம் ஜில்லாவுக்கும், 1857-ல் பேராருக்கும் மாற்றப்பட்டார். அவ்வருஷத்துச் சுதந்திரப் போரின் தீ தெற்கே பரவியபோது, 1858 பிப்ரவரியில் இளம் ராஜா ஆங்கிலேயர் மீது ஆயுதமெடுத்தார். தோல்வியுற்று ஹைதராபாத்துக்குச் சென்றவரைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். அவரைப் பார்க்க டெய்லர் சென்றார். உடந்தையாயிருந்தவர்களின் பெயரைச் சொல்லிவிட்டால் உயிர் தப்பலாம் என்பது சர்க்காரின் தூண்டில். ராஜா ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. திருடனைப் போல் தூக்கிலிட வேண்டாம், பீரங்கி வாயில் வைத்துச் சுடட்டும் என்பதே அவர் கேட்ட ஒரே வரம். இந்தச் சந்திப்பை டெய்லரே மறைக்காமல் எழுதி வைத்தார். 1857-ஐப் பற்றிச் சாவர்க்கர் 1909-ல் வெளியிட்ட நூலும் அதைத்தான் ஆதாரமாகக் கொண்டிருக்கிறது. மரண தண்டனையைத் தீவாந்தரமாகவும், பிறகு நாலாண்டுக் காவலாகவும் குறைத்தார்கள். காவலுக்குக் கொண்டுபோகும் வழியில், கூடாரத்தில் காவல் அதிகாரி வைத்துவிட்டுப் போன துப்பாக்கி வெடித்து ராஜா மாண்டார். தற்செயலோ தற்கொலையோ, தீரவில்லை. இருபத்து நாலாவது வயதில் கண்டம் என்று அவர் ஜாதகம் சொன்னதைத் தாயார் ராணி வெகு காலத்துக்கு முன்பே டெய்லரிடம் அழுதுகொண்டு சொல்லியிருந்தார்.

டெய்லர் தமது சர்க்காரை எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை நாம் மறக்கவில்லை. வளர்த்த பிள்ளைக்காக மன்றாடினார். அந்தப் பிள்ளை எதற்காகப் போராடினான் என்பதை அறிந்துகொள்ள அவர் மனம் இடங்கொடுக்கவில்லை. சவக்குழியின் அடுக்குகளை அவ்வளவு நுட்பமாகப் பிரித்தறிந்த கண்ணுக்கு, உயிரோடு எதிரில் நின்ற இளைஞனின் நெஞ்சில் என்ன அடுக்கடுக்காய்க் கிடந்தது என்பது தெரியாமற் போயிற்று. சுரபுரம் சமஸ்தானம் பிறகு நிஜாமுக்குப் பரிசாகப் போய்ச் சேர்ந்தது.

1860-ல் தேக அசௌக்கியத்தால் டெய்லர் ஊர் திரும்பி டப்ளின் நகரின் அருகே குடியிருந்தார். தாரா, சீதா முதலான நாவல்களை எழுதினார். சிவாஜியின் எழுச்சிக் காலமும், பிளாசியின் காலமும், 1857-ம் அவற்றில் கதைக்களங்களாயின. 1875-ல், கண் பார்வை மங்கிக்கொண்டிருந்த நிலையில், ஹைதராபாத்தை இன்னொரு முறை பார்க்க வந்தார். காய்ச்சல் கண்டு, பார்வை முழுதும் இழந்து திரும்பும் வழியில், 1876 மே 13-ந் தேதி, பிரான்ஸின் தென் கரையில் மெந்தோன் என்ற ஊரில் உயிர் நீத்தார். அவர் எழுதி முடித்திருந்த சுய சரிதத்தை மகள் 1877-ல் வெளியிட்டாள். அவர் இறந்த அதே 1876-ல்தான் பெர்லினிலிருந்து யாகோர் என்ற பண்டிதர் திருநெல்வேலி ஜில்லா ஆதிச்சநல்லூருக்கு வந்து, தாழிகளிலிருந்த பொருள்களைத் தோண்டியெடுத்து ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். தொல்பொருள் இலாகா அங்கே 1899-ல் அலெக்ஸாந்தர் ரே மூலம் வேலை தொடங்க, இன்னும் இருபத்து மூன்று வருஷங்கள் சென்றன.