கலங்களைக் கண்ட துணி வியாபாரி

நமது நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் டெல்ஃப்ற் என்று பெயரிட்டனர். அது அவர்களுடைய நாட்டு நகரம் ஒன்றின் பெயராகும். அந்த நகரில் 1632ஆம் ஆண்டு, கூடை முடையும் ஒருவரின் மகனாகப் பிறந்தவர்தான் அன்ரனி வான் லீவன்ஹூக்.

சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவர், 16 வயதில் அம்ஸ்ரடாமில் ஒரு துணிக்கடையில் தொழில் பழகினார். 1654இல் ஊர் திரும்பிச் சொந்தக் கடை திறந்தார். பல்கலைக்கழகத்தில் அவர் கற்றதில்லை. அக்கால அறிஞர்களின் மொழியான இலத்தீனும் அவருக்குத் தெரியாது. எனினும் கண்ணாடி வில்லைகளைச் செய்வதில் அவருக்கு நிகர் எவருமில்லை. இரு உலோகத் தகடுகளுக்கிடையே ஒரேயொரு சிறு வில்லையைப் பொருத்தி நுணுக்குக்காட்டி அமைத்தார். இன்று எஞ்சியிருப்பவற்றுள் சிறந்தது ஏறத்தாழ 270 மடங்கு பெருப்பித்துக் காட்டுகிறது.

1665இல் இங்கிலாந்தின் றொபேட் ஹூக் தக்கைச் சீவலில் சிறு அறைகளைக் கண்டு, அவற்றுக்குக் கலம் என்னும் பெயரைச் சூட்டியிருந்தார். அவர் கண்டவை இறந்த கலங்களின் வெறும் சுவர்களே. லீவன்ஹூக்கோ 1674இல் ஏரி நீரில் நீந்தித் திரியும் உயிர்களைக் கண்டார். அதே ஆண்டில் குருதியின் செங்கலங்களையும் விவரித்தார்.

மிளகு ஏன் உறைக்கிறது என்று அறிய விரும்பி, அதை அவர் நீரில் ஊறவைத்தார். அந்நீரில் அதுவரை கண்டவற்றைவிட மிகச் சிறிய உயிர்கள் தெரிந்தன. 1676இல் இலண்டன் றோயல் சங்கத்துக்கு இதனை எழுதினார். அங்கிருந்தவர்கள் எளிதில் நம்பவில்லை. அவர்கள் முதலில் செய்து பார்த்தபோது எதுவும் தெரியவுமில்லை. லீவன்ஹூக் சோர்ந்துவிடவில்லை. மதகுருமார் உள்ளிட்ட ஊரவர் சிலரை அழைத்து நேரில் பார்க்கச் செய்து, அவர்களது சாட்சியத்தை அனுப்பிவைத்தார். 1677இல் ஹூக்கே மிளகு நீரில் அவ்வுயிர்களைக் கண்டு, சங்கத்தாருக்கும் காட்டினார். 1680இல் அச்சங்கம் அந்தத் துணி வியாபாரியைத் தன் உறுப்பினராக்கியது.

1683இல் தம் பற்களிடையே படிந்திருந்த வெண்பொருளைப் பரிசோதித்தபோது பற்றீரியாக்களைக் கண்டார். கலங்கள் இரு பெரும் வகையின என்று இன்று நாம் படிக்கிறோம். பற்றீரியாவில் மென்சவ்வால் சூழப்பட்ட கரு இல்லை, அது புரோகரியோட்டா. கருவுள்ள கலங்களைக் கொண்டவை யூகரியோட்டா. ஏரி நீரில் நீந்திய புரற்றோசோவாக்களும் தாவரங்களும் விலங்குகளும் அவ்வகையின. இந்தப் பெயர்கள் தோன்றுவதற்குப் பல காலம் முன்பே, அவர் தம் வீட்டில் இருந்தபடி இரு வகையையும் கண்டுவிட்டார்.

அவரிடம் ஒரு குறையும் இருந்தது. தமது சிறந்த வில்லைகளின் இரகசியத்தை அவர் எவருக்கும் சொல்லவில்லை. அதனால் அவர் கண்ட பற்றீரியாக்களைப் பற்றிய ஆய்வு, அவருக்குப் பின் நெடுங்காலம் முன்னேறாமல் கிடந்தது.

1723இல் தமது 90ஆவது வயதில் அவர் காலமானார். இறுதிவரை அவரைப் பராமரித்த மகள் மரியா, தந்தையின் விருப்பப்படி 26 வெள்ளி நுணுக்குக்காட்டிகளைச் றோயல் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார்.

மாணவியரே, ஆய்வுகூடத்தில் வெங்காயத் தோலின் கலங்களைப் பார்க்கும்போது இந்த வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டம் இல்லாத அவரது சொல்லை உலகம் ஏற்றது, பிறரும் பார்க்கும்படி அவர் சான்று காட்டியதால்தான்.